கன்று இருக்கும் திசை

கம்பம் பள்ளத்தாக்கின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு நீண்ட தொட்டி போலத் தெரியும். மேற்கே இடுக்கியின் ஏலமலைச் சுவர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட அந்த நீரால் இன்று இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. நெல் போக மீதி இடத்தில் தென்னை, வாழை, பன்னீர் திராட்சை. வளமான மண்ணுக்கு ஒரு குறை உண்டு: சும்மா கிடக்கும் தரை அங்கே இல்லை. வரப்போரம் கட்டி மேய்க்க ஒரு பசுவுக்கு இடம் கிடைக்கும். ஒரு மந்தைக்குக் கிடைக்காது. ஆகவே மந்தை பகலில் மலையடிவாரத்துக்கு ஏறியாக வேண்டும். ஆனால் வயலுக்கும் தோட்டத்துக்கும் எரு வேண்டும்; அந்த எரு மலையில் விழுந்து பயனில்லை. ஆகவே மந்தை இரவில் இறங்கியும் ஆக வேண்டும். மேலே புல், கீழே வயல். இரண்டுக்கும் நடுவே நாள் தவறாமல் நடக்கும் இந்த ஏற்ற இறக்கமே இங்குள்ள மாட்டுத் தொழில். காலையில் மாட்டை மேலே பத்திக்கொண்டு போவதில் பெரிய வித்தை இல்லை, பசி ஓட்டும். முட்புதரும் ஓடையும் சரிவுமான காட்டில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டுத் திசைக்கொன்றாய்ச் சிதறி நிற்கும் மாடுகளைச் சாயங்காலம் ஓரிரு ஆட்கள் எப்படி ஒன்றுசேர்த்து வீடு கொண்டுவருகிறார்கள் என்பதுதான் கேள்வி. கோலும் குரலும் கொஞ்சம்தான் செய்யும். பெரும் வேலையைச் செய்வது தொழுவில் அடைபட்டு நிற்கும் கன்று. அந்தக் கன்றைப் புரிந்துகொண்டால், பால் மறக்கடிப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் காரியத்தைப் பற்றிய நம் எண்ணமே மாறும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் மாடுகளைப் பார்ப்போம். தேனிப் பக்கத்தில் இவற்றை மலைமாடு என்றும் தொழுமாடு என்றும் சொல்கிறார்கள். மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கிடையில் வளரும் புலிக்குளம் மாட்டுக்கு இவை நெருங்கிய சொந்தம் என்பவர்கள் உண்டு. தனி வகை என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் வாழ்க்கைமுறை ஒன்றுதான்: சிறிய, கட்டான உடல், உறுதியான குளம்பு, வெட்டவெளித் தொழு, நாள் முழுக்க நடை, தீவனத்துக்குச் செலவில்லாத மேய்ச்சல். இவற்றைப் பாலுக்காக யாரும் வளர்ப்பதில்லை. மடியில் சுரப்பது பெரும்பாலும் கன்றுக்கே போய்விடும். வருமானம் வருவது எருவிலும் காளைக்கன்றிலும். எரு உள்ளூர்த் தோட்டத்துக்கும் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கும் போகிறது. காளைக்கன்று ஜல்லிக்கட்டுக்கு வளர்ப்பவர் கைக்குப் போகிறது. 2017-இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்த பிறகு அந்தத் தேவை மறுபடி சூடுபிடித்தது. ஒன்றை இங்கேயே மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். பால் விற்பனைக்கு இல்லை என்பதால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே கையை நுழைக்க மனிதனுக்கு அவசரம் எதுவும் இல்லை. பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தப் பொருளாதார உண்மைதான். கருணையையோ முன்னோர் ஞானத்தையோ அங்கே தேட வேண்டியதில்லை.

கன்று விழுந்ததும் தாய் அதை நக்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஈரத்தைத் துடைப்பது, ரத்த ஓட்டத்தைத் தூண்டுவது ஆகியவற்றோடு அந்த நக்கலில் இன்னொரு வேலையும் நடக்கிறது: தாயின் மூளை ஒரு வாசனையைப் பதிவு செய்கிறது. பிறந்தவுடன் 5 நிமிடம் கன்றோடு விட்டாலே போதும், பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்தாலும் பெரும்பாலான பசுக்கள் தம் கன்றை ஏற்றுக்கொள்கின்றன என்று 1970-களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. வாசனை கிட்டத்தில் உதவும். தூரத்தில் உதவுவது குரல். பசுவும் கன்றும் எழுப்பும் ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், ஒவ்வொரு மாட்டின் குரலும் அதற்கே உரிய தனி அடையாளம் கொண்டது என்று 2015-இல் வெளியிட்டார்கள். பக்கத்தில் நிற்கும் கன்றிடம் பசு வாயைத் திறக்காமல் தாழ்ந்த சுருதியில் முனகுகிறது. பிரிந்திருக்கும்போது வாய் திறந்து உயர்ந்த சுருதியில் கத்துகிறது. கிராமத்தில் பிறந்தவருக்கு இந்த இரண்டு குரலும் காதில் இருக்கும். ஆய்வு அவற்றுக்கு அலைவரிசை எண் கொடுத்தது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. புல்மேயும் விலங்குகளை, குட்டியை வளர்க்கும் முறையைக் கொண்டு விலங்கியலார் இரண்டாகப் பிரிக்கிறார்கள். சிலவற்றின் குட்டி பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து தாயின் பின்னால் நடக்கும்; செம்மறியும் குதிரையும் அப்படி. வேறு சிலவற்றின் குட்டி முதல் நாட்களில் புதரிலோ புல்மறைவிலோ அசையாமல் படுத்துக்கொள்ளும். தாய் விட்டுவிட்டு மேயப் போய், நேரத்துக்குத் திரும்பி வந்து ஊட்டும். மாடு இந்த இரண்டாம் வகை. கன்று வளர்ந்த பிறகும் மந்தையில் கன்றுகள் ஓரிடத்தில் கூட்டமாகக் கிடக்க, தாய்கள் சற்றுத் தள்ளி மேய்வதுண்டு. ஆக, கன்றை ஓரிடத்தில் விட்டுப் போவதும் மடி கனத்ததும் அந்த இடத்துக்குத் திரும்புவதும் பசுவுக்கு மனிதன் கற்றுக்கொடுத்த பழக்கமில்லை. மனிதன் மாட்டைப் பழக்குவதற்கு முன்பே அதன் இனத்தில் இருந்தது. மாடு வளர்ப்பவர் செய்த ஒரே காரியம், அந்தப் புதர்மறைவைத் தம் வீட்டுப் பக்கம் மாற்றி வைத்ததுதான். முள்வேலியோ மூங்கில் தடுப்போ போட்ட கன்றுப்பட்டி, பசுவின் கண்ணுக்கு அது எப்போதும் தேடித் திரும்பும் மறைவிடம்.

திரும்பி வரும் உந்துதலுக்கு உடலிலும் ஒரு கடிகாரம் உண்டு. பால் மடியின் நுண்ணறைகளில் இடைவிடாமல் ஊறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஊறிய பால் தானாகக் காம்புக்கு இறங்காது. கன்று முட்ட வேண்டும், அல்லது கன்றின் நினைவைக் கிளப்பும் ஏதாவது நடக்க வேண்டும். அப்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் கலந்து மடியை அடைந்து, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைநார்களைச் சுருக்குகிறது, பால் இறங்குகிறது. அந்த ஆக்சிடோசின் சில நிமிடங்களுக்கு மேல் ரத்தத்தில் நிற்பதில்லை. மாடு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து காரியத்தைக் கெடுக்கும். மாடு பாலை ஒளிக்கிறது என்று கறவைக்காரர் சொல்வது இதைத்தான். ஐரோப்பியக் கறவை இனங்களில் நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் இயந்திரத்தின் தொடுகையே போதுமானதாகிவிட்டது. திமில் உள்ள நம் மாடுகளில் பல இன்னும் கன்றைக் கேட்கின்றன. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும் என்ற பழமொழி இந்த உடலியங்கியலின் சுருக்கம். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தோற்கன்று செய்து பசுவின் முன் நிறுத்திக் கறந்த பழைய வழக்கம் ஒரு சோதனைக்குச் சமம்: உயிரும் குரலும் இல்லை, வாசனையும் உருவமும் மட்டும் மிஞ்சின, மடி சுரந்தது.

சாயங்காலம் தொழுவில் நடப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் இவை எல்லாமே ஐந்து நிமிடத்தில் நடந்து முடியும். மலைச்சரிவில் மணிச்சத்தம் கேட்பதற்கு முன்பே பட்டிக்குள் படுத்திருந்த கன்றுகள் எழுந்துவிடும். காது முன்னால் திரும்பும். ஈன்று சில வாரமே ஆன பசுக்கள் மந்தையின் தலையில் வரும், கிட்டத்தட்ட ஓட்டமாக; வறண்ட மாடுகளும் கிடாரிகளும் வாலில் வரும், வழியில் ஒரு கொடியை இழுத்துக் கடித்தபடி. தடுப்பைத் திறந்ததும் கன்றுகள் பாய்ந்தாலும் பசு உடனே காம்பைக் கொடுப்பதில்லை. கன்றின் பின்புறத்தை முகர்ந்து பார்க்கிறது. தன்னுடையது என்றால் முனகல். அடுத்த வீட்டுக் கன்று என்றால் ஒரு உதை. கன்று முன்காலை ஊன்றி மடியை நான்கைந்து முறை முட்டும். வாய் ஓரத்தில் நுரை தெரியும். வால் சுழலத் தொடங்கும். மந்தையை யார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு விடை அந்த வரிசையிலேயே இருக்கிறது. முன்னால் வருபவை கன்றுடைய பசுக்கள். மாடு கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் சில மாடுகளுக்குக் காரணம் இருந்தால் போதும், மற்றவை தொடரும். மேய்ப்பவர் வாலில் நின்று பிந்தியவற்றைச் சேர்க்கிறார்; தலையில் இழுப்பது கன்று. அதனால்தான் இந்தத் தொழிலில் குடும்பமும் இரண்டாகப் பிரிந்து வேலை செய்கிறது. மலையேறுபவர் மாட்டைப் பார்க்க, தொழுவில் இருப்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியவர்களும், கன்றைப் பார்க்கிறார்கள்: தண்ணீர் காட்டுவது, பசும்புல் போடுவது, கழிச்சல் கண்டதா என்று கவனிப்பது, உண்ணி பொறுக்குவது, சாணம் அள்ளுவது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு மேய்ப்பவர் மட்டுமே தெரிவார். கன்றுப்பட்டியைப் பார்ப்பவரின் உழைப்பு இல்லாமல் போனால் மலையில் நிற்பவரின் கோலுக்கு வேலை பத்து மடங்காகிவிடும்.

இப்போது பால் மறத்தலுக்கு வருவோம். அது ஒற்றைச் சொல்லாக இருப்பதால் ஒற்றை நிகழ்ச்சி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அதில் மூன்று இழப்புகள் கட்டுண்டு கிடக்கின்றன: பாலை இழப்பது, தாயை இழப்பது, இடத்தையும் கூட்டத்தையும் இழப்பது. முதலாவது வயிற்றின் விஷயம். பிறந்த கன்றுக்கு நான்கு அறை வயிறு இருந்தாலும் வேலை செய்வது நான்காவது அறை மட்டும். அதுவே மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேல். குடிக்கும் பால் முதல் அறைகளைத் தொடாமல் ஒரு மடிப்புக் குழாய் வழியாக நேரே அங்கே போய்விடும். முதல் நாளின் சீம்பால்தான் கன்றுக்கு நோயெதிர்ப்பு. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோயெதிர்ப்புப் புரதங்கள் கடப்பதில்லை, குடல் அவற்றை அப்படியே உள்வாங்குவதும் ஏறக்குறைய ஒரு நாளோடு நின்றுவிடும். பிறகு கன்று புல்லைக் கடித்துப் பார்க்கத் தொடங்குகிறது. தாயின் நாக்கிலிருந்தும் தரையிலிருந்தும் நுண்ணுயிர்கள் முதல் அறையில் குடியேறுகின்றன. நார் நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்கள் அந்த அறையின் சுவரை வளர்க்கின்றன. வளர்ந்த மாட்டில் முதல் இரண்டு அறைகள் சேர்ந்து சுமார் ஐந்தில் நான்கு பங்கு. அதாவது பாலை விடுவதற்கான உறுப்பு, பாலைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, புல்லைத் தின்பதால் உருவாகிறது. முதல் இழப்புக்கு உடல் தானே ஆயத்தமாகும், நேரம் கொடுத்தால். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்படி ஒரு உறுப்பு கிடையாது.

நேரம் கொடுத்தால் என்ன ஆகும்? கென்யாவில், மனிதத் தலையீடு குறைவாக இருந்த ஒரு திமில் மாட்டு மந்தையை ரைன்ஹார்ட் இணையர் நீண்ட காலம் கவனித்து 1981-இல் எழுதினார்கள். அங்கே தாய்ப்பசுக்களே பாலை நிறுத்தின: கிடாரிக் கன்றுகளுக்குச் சராசரி 8.8 மாதத்தில், காளைக்கன்றுகளுக்கு 11.3 மாதத்தில். அடுத்த கன்று பிறப்பதற்கு முன்பே அது முடிந்துவிட்டது. பால் நின்ற பிறகும் தாயும் மகளும் பக்கத்தில் மேய்ந்தன, ஒன்றையொன்று நக்கின. பால் போனது, தாய் போகவில்லை, கூட்டமும் போகவில்லை. கம்பத்திலேயே இதற்கு ஒரு பழைய ஒப்புமை இருக்கிறது. நந்தகோபாலசுவாமி கோயிலின் தம்பிரான் மாட்டுத் தொழு, கன்னடம் பேசும் ஒக்கலிகர் சமூகத்தார் சாமி பெயரில் காத்துவரும் மந்தை. பிரான்சிஸ் எழுதிய 1906-ஆம் ஆண்டின் மதுரை மாவட்ட விவரச்சுவடி இந்த மந்தையைப் பற்றிச் சொல்லும்போது, பசுக்களைக் கறப்பதில்லை, கன்றுகளை இனப்பெருக்கம் தவிர வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை, செத்தால் புதைக்கிறார்கள் என்கிறது. பட்டத்துக்காளையை மனிதர் தேர்ந்தெடுப்பதில்லை என்றும், தை மாதத்தில் மந்தையின் முன் கரும்புக்கட்டை வைத்து, எந்தக் காளை வந்து தின்கிறதோ அதையே பட்டத்துக்கு ஏற்கிறார்கள் என்றும் அது பதிந்திருக்கிறது. பக்தியை ஒதுக்கிவைத்து ஆய்வாளரின் கண்ணால் பார்த்தால், தாய்ப்பால் முழுவதும் கன்றுக்கே விடப்பட்ட ஒரு மந்தை நூறாண்டுக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்திருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று இது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது அமெரிக்க, ஆஸ்திரேலியப் பண்ணைகளின் முறை. அங்கே தாயும் கன்றும் மாதக்கணக்கில் பிரியாமல் திறந்தவெளியில் திரிகின்றன. ஆண்டுக்கு ஓரிரு முறை குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும், வட ஆஸ்திரேலியாவில் ஹெலிகாப்டரிலும் ஆட்கள் போய் அவற்றை வளைத்து வேலிக்குள் கொண்டுவருகிறார்கள். அந்த நாளிலேயே ஆறேழு மாதக் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து வேறு வளைவில் அடைக்கிறார்கள். மூன்று இழப்பும் ஒரே வெட்டில். இரண்டு மூன்று நாள் பண்ணை முழுக்க ஓலமாக இருக்கும், கன்றுகள் வேலியோரம் நடந்துகொண்டே இருக்கும், தின்னாது, எடை குறையும், நுரையீரல் நோய் தொற்றும். இதைக் குறைக்க வழி தேடியபோதுதான் மூன்று இழப்பையும் தனித்தனியாகப் பிரிக்கலாம் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தில் ஹேலியும் ஸ்டூக்கியும் மற்றவர்களும் கன்றின் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்தினார்கள். கன்று மேயலாம், தண்ணீர் குடிக்கலாம், தாயோடு ஒட்டி நிற்கலாம். காம்பை மட்டும் கவ்வ முடியாது. சில நாள் கழித்துத் தகட்டைக் கழற்றித் தாயைப் பிரித்தார்கள். ஒரே வெட்டில் பிரிக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் இந்தக் கன்றுகளின் கத்தல் ஏறக்குறைய 97 சதவீதம் குறைவு என்று 2005-இல் வெளியான அவர்களது கட்டுரை சொல்கிறது. கலிபோர்னியாவில் 2003-இல் வெளியான இன்னொரு சோதனையில், பாலை நிறுத்தினாலும் வேலிக்கு அந்தப் பக்கம் தாயைப் பார்க்கவும் முகரவும் விட்ட கன்றுகள் முதல் வாரங்களில் நன்றாக எடை ஏறின. முழுதாகப் பிரிக்கப்பட்டவை 10 வாரம் கழித்தும் அந்த இடைவெளியை எட்டிப் பிடிக்கவில்லை. கன்றைப் பதறவைப்பது பால் இல்லாமை மட்டுமில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் இல்லாமல்போவது என்பதே இரண்டின் சாரம்.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொழுவைத் திரும்பப் பார்த்தால், கன்றுப்பட்டியின் இன்னொரு பயன் தெரியும். தொழுக் கன்று பிறந்த சில நாளிலிருந்தே தினமும் பகல் முழுக்கத் தாய் இல்லாமல் இருக்கிறது. ஆனால் இடம் மாறவில்லை, கூட்டாளிக் கன்றுகள் மாறவில்லை, பார்க்கும் ஆள் மாறவில்லை. சாயங்காலம் தாய் வரும் என்பதும் மாறவில்லை. பசியெடுக்கும் பகல் நேரத்தில் எதிரே கிடப்பது புல் மட்டும் என்பதால் அதைக் கடிக்கப் பழகுகிறது. கால் உறுதியானதும் அது மந்தையோடு மலையேறும். அப்போது மேய்ச்சலும் தாயும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அடுத்த சினை முற்ற முற்ற மடி வற்றும், தாயின் உதை கூடும், ஒரு நாள் பால் நிற்கும். பெரிய கன்று விடாமல் முட்டினால் காம்பில் சாணத்தையோ வேப்பெண்ணெயையோ பூசுகிற கைவைத்தியமும், மூக்கின் மேல் கூர்முனையுள்ள பட்டையைக் கட்டிவிடுகிற வழக்கமும் கிராமங்களில் உண்டு. கனடாவின் பிளாஸ்டிக் தகட்டுக்கு மூத்த உறவினர் அந்தப் பட்டை, குத்துவதால் மென்மை குறைந்த உறவினர். மாட்டை ஒன்றுசேர்ப்பதும் பால் மறக்கடிப்பதும் பெரிய பண்ணையில் ஆண்டுக்கொருமுறை வரும் இரண்டு கடும் வேலைகள். தொழுவில் இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. பிரிவு மாலையில் மாட்டை வரவழைக்கிறது. அதே பிரிவு, நாளுக்கு நாள் சிறு அளவில் பழகி, கடைசியில் பாலை விடுவதை எளிதாக்குகிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு பால்காரரிடமிருந்து. கன்றுக்கே எல்லாப் பாலும் போனால் சங்கத்துக்கு எதை ஊற்றுவது? நியாயமான கேள்வி. பள்ளத்தாக்கின் வீடுகளில் கட்டியிருக்கும் ஜெர்சி கலப்பினப் பசுவின் கணக்கு வேறு. அங்கே பால்தான் பள்ளிக் கட்டணம். பெரிய கறவைப் பண்ணைகள் கன்றைப் பிறந்த அன்றே பிரிப்பதற்குச் சொல்லும் காரணத்திலும் பாதி உண்மை உண்டு: பிணைப்பு இறுகுவதற்கு முன் பிரித்தால் அந்த நேரத்துப் பதற்றம் குறைவு. ஆனால் அப்படிப் பிரிப்பது தாயின், கன்றின் உடல்நலத்துக்கு நல்லது என்ற பரவலான நம்பிக்கையைச் சோதிக்க, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2019-இல் பரிசீலித்தபோது, சான்றுகள் அந்த நம்பிக்கையை ஒருமுகமாக ஆதரிக்கவில்லை. இன்று ஐரோப்பாவில் சோதித்துவரும் நடுவழிகளில் ஒன்று, தாயையும் கன்றையும் ஒரு நாளில் பாதி நேரம் சேர்த்து, பாதி நேரம் பிரித்து வைப்பது. நம் ஊர்க் கறவைக்காரர் கன்றை ஊட்டவிட்டு, இடையில் பிடித்துக் கட்டி, கறந்து முடித்து, கடைசிச் சொட்டுகளுக்கு மறுபடி அவிழ்த்துவிடுவது ஏறக்குறைய அதுவே. கன்றைத் தாயின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கட்டுவதற்கும், பாலைப் படிப்படியாகக் குறைத்து முடித்த பிறகே இடத்தை மாற்றுவதற்கும் ஒரு லிட்டர் பாலும் செலவாகாது. தொழுவின் பாடத்தில் வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடியது இந்த வரிசைதான். முழுப்பாலையும் விடச் சொல்வது இந்த வாதத்தில் அடங்காது.

இரண்டாம் மறுப்பு கால்நடை மருத்துவரிடமிருந்து வரும், இன்னும் வலுவாக. கன்று ஊட்டிக்கொண்டே இருந்தால் பசு பருவத்துக்கு வரத் தாமதமாகும். ஊட்டுவதும் கன்றின் அருகாமையும் மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் ஹார்மோன் துடிப்புகளை அடக்குகின்றன. மேய்ச்சல் குறைந்த கோடையில் இது இன்னும் மோசம். இரண்டு ஈத்துக்கு நடுவே இடைவெளி நீண்டால் வளர்ப்பவருக்கு நட்டம். இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அடக்கம் எவ்வளவு நேரம் கன்று கூட இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டெக்சாஸில் திமில் இரத்தம் கலந்த தலையீத்துப் பசுக்களில், ஒரு மாதத்துக்குப் பிறகு நாளுக்கு ஒருமுறை மட்டும் ஊட்டவிட்டபோது அவை சீக்கிரம் பருவத்துக்கு வந்தன என்று ராண்டல் 1981-இல் காட்டினார். தொழுக் கன்று இரவெல்லாம் தாயோடு இருப்பதால் அந்த அளவு பலனை இங்கே எதிர்பார்ப்பது தவறு. ஆயினும் இரவும் பகலும் ஒட்டித் திரியும் மந்தைக்கும் அடியோடு பிரித்த பண்ணைக்கும் நடுவில் அளவுகள் பல உண்டு என்பதும், பகல் பிரிவை நீட்டியோ குறைத்தோ அந்த அளவைத் திருத்தலாம் என்பதும் உறுதி. மருந்துக்கும் ஊசிக்கும் முன் திருப்பிப் பார்க்க வேண்டிய திருகு கன்றுப்பட்டியின் கதவு.

மூன்றாவது மறுப்பு, இது தொழுவை அழகுபடுத்திப் பார்ப்பது என்பது. தொழுவில் எல்லாக் கன்றும் தாய் நிறுத்தும்வரை குடிப்பதில்லை. நல்ல காளைக்கன்றுக்கு விலை வந்தால் அது முன்கூட்டியே போய்விடும்; அந்தக் கன்றுக்கு மூன்று இழப்பும் ஒரே நாளில்தான், கூடவே லாரிப் பயணமும். நெருக்கமாக அடைத்த பட்டியில் குடற்புழுவும் கழிச்சலும் எளிதாகப் பரவும். ஈரமான ஐப்பசியில் சேறும் குளிரும் சேர்ந்துகொள்ளும். கோமாரிக்கு எதிரே பழைய முறைக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை, தடுப்பூசிதான் காப்பு. இவை எல்லாம் மெய். ஆனால் இவை ஒவ்வொன்றும் வாதத்தைக் கூர்மையாக்குகின்றன, உடைக்கவில்லை. விற்கும் கன்றுக்கு முதலில் பாலை நிறுத்தி, பத்து நாள் தாயோடும் கூட்டாளிகளோடும் வைத்து, பிறகு அனுப்பினால் வாங்குபவருக்கும் தின்னும் கன்று கிடைக்கும். வரிசை தவறும் இடத்தில் தொழுவும் பெரிய பண்ணையைப் போலவே தோற்கிறது என்றால், அது வரிசையின் முக்கியத்துக்கு இன்னொரு சான்று.

கடைசி மறுப்பு காட்டிலிருந்து வருகிறது. மேகமலையை 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ப்பதற்கு முதலில் பொதுவாகத் தடை விதித்து, சில நாட்களில் அதைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. தடை கேட்டவர்களின் அச்சம் வெறும் பிடிவாதமில்லை. காட்டுமாடும் கடமானும் தின்னும் அதே புல்லை வீட்டுமாடும் தின்கிறது. வீட்டுமாட்டின் நோய் காட்டுக்குள் போகும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது மறக்கக்கூடியதல்ல. உலகிலிருந்து அந்த நோய் ஒழிந்துவிட்டதாக அறிவிக்க 2011 ஆயிற்று. எதிர்ப்பக்கத்தில், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக எண்ணுகிறது. எருவை நம்பியிருக்கும் தோட்டங்களும் இருக்கின்றன. எந்தச் சரிவில் எத்தனை மாடு என்பதைத் தரையளந்து தீர்க்க வேண்டும். கன்றின் உயிரியல் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் ஒரு விஷயத்தில் அது சாட்சி சொல்லும். மேய்ச்சல் எல்லை குறையும்போது மந்தையைக் கொட்டகையில் கட்டித் தீவனம் போடுவதே மாற்று என்று பேசப்படுகிறது. கட்டிப்போட்ட மாட்டுக்குப் போவதும் இல்லை, திரும்புவதும் இல்லை. அன்றாடப் பிரிவு இல்லாத இடத்தில் பால் மறக்கடிப்பது மீண்டும் ஒரே நாள் வெட்டாகச் சுருங்கும். அதேபோல், மாலைக்குள் மாடு தானே திரும்பும் மந்தையைக் கட்டுப்பாடான எல்லைக்குள் வைப்பது, இரவும் காட்டிலேயே தங்கித் திரியும் மந்தையை வைப்பதைவிட எளிது. வரையறுத்த சரிவில், தடுப்பூசி போட்ட, எண்ணிக்கை கட்டிய மந்தை பகலில் மட்டும் மேய்ந்து வரலாம் என்று ஒரு நாள் ஏற்பாடு பிறந்தால், அதைச் செயல்படுத்தும் காவலாளி வேலியோ கேமராவோ ஆக வேண்டியதில்லை. செந்நாயும் சிறுத்தையும் எட்டாதபடி கீழே தொழுவில் நிற்கும் கன்று அந்த வேலையை இப்போதே செய்துகொண்டிருக்கிறது.

மாட்டை எப்படி ஓட்டுவது, கன்றை எப்போது பிரிப்பது என்று இரண்டு கேள்வியாக எழுதுவது பாடப்புத்தக வழக்கம். பள்ளத்தாக்கின் தொழு அவற்றை ஒன்றாகவே கேட்டுவந்திருக்கிறது. எத்தனை மாதத்தில் பாலை நிறுத்துவது என்பதற்கு ஒரு எண்ணைத் தேடுவதைவிட, எதை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்று கேட்பதே சரியான கேள்வி என்பதை ஆய்வகங்கள் கடந்த 25 ஆண்டுகளில் எடை போட்டும் கத்தலை எண்ணியும் காட்டியிருக்கின்றன. கலப்பினப் பசு கட்டிய வீட்டில் அதன் பொருள், பால் குறையும் நாளில் கன்றைத் தாயின் கண்முன் கட்டிவைப்பது. கன்று விற்கும் தொழுவில், லாரிக்குப் பத்து நாள் முன்பே பாலை நிறுத்துவது. மலைமாட்டுத் தொழுவில் அது பொழுது சாயும் நேரத்தில் தானாகத் தெரியும்: மணிச்சத்தம் சரிவில் இறங்கத் தொடங்கும்போது, கன்று எழுந்து நிற்கும் திசையில்.